துண்டை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்

பைக் சறுக்கி ஒருவர் விழுந்துகிடக்கிறார், தொடையில் ரத்தம். நல்ல மனசுக்காரர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை வைத்து அழுத்துகிறார். அரை நிமிஷம்கூட ஆகாது, “நின்னுடுச்சா?” என்று தூக்கிப் பார்ப்பார். அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துண்டோடு பிய்ந்து வந்துவிடும். துண்டு நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். உள்ளங்கையை ஊன்றி, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். காபித் தூள், மஞ்சள் தூள் வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதே ஆஸ்பத்திரியில் தனி வேலை. குத்தி நிற்கும் கம்பியையும் உருவாதீர்கள். ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தக் கம்பியாக இருக்கலாம்.

இறுக்கிக் கட்டினால் கால் போய்விடும் என்று ஒருகாலத்தில் பயமுறுத்தினார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்கள அனுபவம் அந்தப் பாடத்தைத் திருத்தியது. கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீய்ச்சினால் கட்டத்தான் வேண்டும். காயத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் கட்டுங்கள். நைலான் கயிறு தசையை அறுக்கும். அரைகுறை இறுக்கம் அதைவிட மோசம்: ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை அடைபட்டு, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி திறந்தே இருந்தால் ரத்தப்போக்கு கூடும். கட்டிய நேரத்தைப் பேனாவால் உடம்பிலேயே எழுதிவிடுங்கள்.

சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். அரைமயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க” என்று டாக்டரை நெருக்குவதும் பழைய பழக்கம். குளுக்கோஸோ உப்புநீரோ மளமளவென்று ஏற்றினால் இருக்கிற ரத்தம் நீர்த்து, உறையும் சக்தியை இழக்கும். அதனால்தான் இப்போது ரத்தம் இழந்தவருக்கு ரத்தத்தையே சீக்கிரம் ஏற்றப் பார்க்கிறார்கள். உடம்பு குளிர்ந்தாலும் ரத்தம் சரியாக உறையாது. வெயில் நேரமானாலும் ஒரு போர்வையோ லுங்கியோ போர்த்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு நடப்பது விபத்து நடந்த இடத்தில் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான். ‘முதல்ல இங்க காட்டிட்டு அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்’ என்று சின்ன கிளினிக்கில் ஒரு மணி நேரம், ஸ்கேன் சென்டரில் இன்னொரு மணி நேரம் போய்விடும். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று விலை மலிவான ஊசி ஒன்று இருக்கிறது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போனால் மாத்திரையாகக் கொடுப்பார்களே, அதே மருந்துதான். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டோரிடம் நடந்த ‘கிராஷ்-2’ ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் இந்த ஊசியைப் போட்டால் ரத்தப்போக்கால் வரும் சாவைக் குறைக்கிறது. அதிலும் முதல் மணி நேரத்தில் பலன் அதிகம். 3 மணி நேரம் கடந்துவிட்டால் கெடுதலாகவே முடியலாம்.

காசு, போலீஸ் இரண்டையும் நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு. உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன.

108-க்குப் பேசும்போது “பைபாஸ்ல ஆக்சிடென்ட்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். நடுவில் தடுப்பு இருக்கிறது. தப்பான பக்கம் வந்த வண்டி திரும்பி வர நெடுந்தூரம் போக வேண்டும். எந்த ஊரை நோக்கிப் போகிற பக்கம், அருகில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்லுங்கள்.