கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை எதில் ஊறவைப்பது?

பழங்களை எதில் ஊறவைப்பது என்று முடிவெடுக்கும் முன் இரண்டு விவரங்கள் தெரிந்தாக வேண்டும். கேக் அடுப்பேறும் நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கேக் யார் யார் வீட்டுத் தட்டுக்குப் போகப்போகிறது என்பது மற்றொன்று. சுவையைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கு டிசம்பரில் கேக் போகும் தெருக்கள் சேலத்தில் ஏராளம். அவர்களில் மதுவைத் தொடாதவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். வெந்த கேக்கில் ரம் துளியும் மிஞ்சாது என்று பலர் சொல்வது சரியன்று, ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ரம்மில் ஊறிய கேக்கை, அதைச் சொல்லிக் கொடுப்பதே முறை.

ஒரு மாதம் அவகாசம் இருந்து, உண்பவர்களுக்கும் மறுப்பு இல்லையென்றால், கறுப்பு ரம்மே என் தேர்வு. நம்மூரில் கிடைக்கும் ரம், பிராந்தி வகைகளில் மதுவின் அளவு பெரும்பாலும் 42.8 சதவீதம். நொதிக்க வைக்கும் ஈஸ்ட் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவில் பிழைப்பது அரிது என்பதால், பழத்திலுள்ள நீர் கலந்து சற்று நீர்த்த பிறகும் ஊறல் கெடுவதில்லை. மேலும், ஆரஞ்சுத் தோலிலும் பட்டை கிராம்பிலும் உள்ள வாசனை எண்ணெய்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, மதுவில் கரைபவை. மூன்று வாரம் ஊறிய ஜாடியைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் மணம் அப்படி உண்டாவதுதான். பேரீச்சைக்கும் கறுப்புத் திராட்சைக்கும் கறுப்பு ரம்மின் பாகு வாசனை பொருந்துகிறது. செர்ரியும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் அதிகமாகச் சேர்ப்பவர்கள் பிராந்தியை எடுத்துக்கொள்ளலாம். 500 கிராம் பழத்துக்கு 200 மில்லிலிட்டர் போதும். கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை குலுக்கிவிட வேண்டும்.

எந்தத் திரவமானாலும், ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் சில்லறையாக வாங்கும் கிஸ்மிஸ் பல நேரங்களில் எண்ணெய்ப் பூச்சுடன் பளபளக்கும். அந்தப் பூச்சு திரவத்தை உள்ளே விடாது. வெதுவெதுப்பான நீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்திய பின்பே ஜாடியில் போட வேண்டும்.

ஒயினில் மதுவின் அளவு சுமார் 12 சதவீதம்தான். பழச் சர்க்கரையும் சேர்வதால் அது மீண்டும் நொதிக்கக்கூடும். வீட்டில் போட்ட திராட்சை ஒயினில் ஈஸ்ட் உயிரோடிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒயினில் ஊறவைப்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் கேக் செய்துவிட வேண்டும்.

மதுவே வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சுச் சாறு நல்ல வழி, ஆனால் அதற்குப் பொறுமை கிடையாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஓராண்டு இரவெல்லாம் மேசையில் விட்ட சாற்று ஊறல் காலையில் நன்றாகவே இருந்தது. அந்தத் துணிச்சலில் அடுத்த ஆண்டு சேலத்தில் இரண்டு நாள் அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திருகியதும் சோடாப் புட்டி போலச் சீறியது. மேலே நுரை, திராட்சைகள் பருத்து மிதந்தன, வாசனையில் புளிப்பு. அரைக் கிலோ பழம் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு மலையிலும் சரி, கீழேயும் சரி, சாறு என்றால் குளிர்பெட்டிதான், ஓர் இரவுதான்.

முறை எளிது. 500 கிராம் பழத்துக்கு 200 மில்லிலிட்டர் சாறு, ஒரு பழத்தின் துருவிய மேல்தோல், சிறு துண்டு பட்டை ஆகியவற்றைச் சேர்த்து இளந்தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து மூட வேண்டும். மதுவுக்கு நாள் கணக்கில் ஆகும் வேலையைச் சூடு விரைவாக முடித்துவிடும். அலுமினியப் பாத்திரம் புளிப்போடு சேராது, எவர்சில்வர் எடுங்கள். ரம்மை மட்டும் இப்படி அடுப்பில் ஏற்றாதீர்கள். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களுக்கு அருகில் இருப்பவர்கள் இன்னொரு வழியையும் முயன்று பார்க்கலாம். சிக்கரி கலக்காத தூளில் இறக்கிய டிகாஷன் 100 மில்லிலிட்டரும் ஆரஞ்சுச் சாறு 100 மில்லிலிட்டரும் கலந்து, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை கரைத்து, மேற்சொன்னபடியே சூடாக்கி ஊறவைத்தால், ரம் தரும் கருநிறமும் மெல்லிய கசப்பும் ஓரளவு வந்துவிடுகின்றன. டிகாஷனை மட்டும் தனியே ஊற்றினால் கசப்பு தூக்கலாகிவிடும்.

கேக் செய்யும் நாளில் பழங்களை வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பழங்கள் அடியில் தங்கிவிடும், நடுவில் வேகாது. வடிந்த ரம்மைக் கொட்டிவிடாமல், சூடாக இருக்கும் கேக்கில் குச்சியால் துளையிட்டு மேலே தடவலாம். சாறாக இருந்தால் தடவ வேண்டாம். அந்தக் கேக்கை மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.