டிஎஸ்3231 கடிகாரம் 2000-க்குத் திரும்பிய கதை

மொட்டைமாடிச் செடிகளுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் விட அர்டுயினோ நானோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டோடு, நேரம் சொல்லும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்தால் தேதி 2000 ஜனவரி 1 என்று காட்டும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை மாற்றினேன், சில வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. அப்புறம் புரோகிராமில் கடிகாரத்துக்கான லைப்ரரியை மாற்றினேன், ஒயரை மறுபடி பற்றவைத்தேன், நான்கு நாள் வீண்.

கழற்றிய பேட்டரியை மேசையில் வைத்தபோதுதான் கவனித்தேன், அது தட்டையாக உட்காரவில்லை, லேசாக உப்பியிருந்தது. பேட்டரி இல்லாமல் மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, பேட்டரி ஹோல்டரை மல்டிமீட்டரில் பார்த்தால் 4.6 வோல்ட்! இந்த மலிவு போர்டில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டும் இருக்கிறது, சிஆர்2032-வோ சார்ஜ் ஏற்றவே கூடாத 3 வோல்ட் பேட்டரி. சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032-க்குக்கூட 4.2 வோல்ட்தான் உச்சம், ஆகவே அதைப் போட்டாலும் ஆபத்துதான்.

சார்ஜ் போகும் வழியை அறுக்க, சின்னக் கண்ணாடி டயோடுக்குப் பக்கத்தில் ‘201’ என்று எழுதிய 200 ஓம் ரெசிஸ்டரை சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டேன். புது சிஆர்2032 போட்டு, நேரத்தை ஒருமுறை செட் செய்தேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது, எத்தனை முறை கரண்ட் போனாலும் நேரம் அப்படியே இருக்கிறது.