வெள்ளை மெழுகுவர்த்தியை வீட்டிலேயே அழகுபடுத்தும் முறை

நவம்பர் 2ஆம் நாள் வரும் கல்லறைத் திருநாள், டிசம்பர் 3ஆம் நாள் நிறைவுறும் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதைத் தொடரும் கிறிஸ்துமஸ், இவற்றோடு பிள்ளைகளின் ஞானஸ்நானமும், முதன்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மையும் எனக் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் மெழுகுவர்த்திக்கு ஆண்டு முழுதும் தேவை உண்டு. கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியையே நம் கையால் அழகுபடுத்திவிடலாம். ஆனால், அது ஏற்றுவதற்கா, அலங்காரமாக வைப்பதற்கு மட்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்தப் பொருளை, எந்த இடத்தில் ஒட்டலாம் என்பது அதைப் பொறுத்ததே.

ஏற்றுவதற்கென்றால் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தடித்த மெழுகுவர்த்தியே ஏற்றது. அதில் சுடர் நடுவில் நின்று எரிவதால் வெளிப்பக்கம் எளிதில் உருகாது. மெல்லிய மெழுகுவர்த்தியில் அலங்காரத்தை அடிப்பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அலங்கரிக்கத் தொடங்கும் முன், மெழுகுவர்த்தியின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப்பசையையும் தூசியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும்.

என் அனுபவத்தில் எல்லா முறைகளிலும் சிறந்தது டிஷ்யூ பேப்பர் முறைதான். விருந்துகளில் பயன்படும் படம் அச்சிட்ட டிஷ்யூவை எடுத்து, அதன் அடுக்குகளைப் பிரித்து, படமுள்ள மேல்தாளை மட்டும் தனியாக்கி, படத்தை ஓரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை மெழுகுவர்த்தியின் மேல் சுருக்கமின்றி வைத்து, கொதிநீரில் முக்கி நன்றாகத் துடைத்த எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும். சாதாரண மெழுகு 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகுவதால் அந்தச் சூடே போதுமானது. மேற்பரப்பு மெழுகு இளகித் தாளுக்குள் ஊறும்போது தாளின் வெண்மை மறைந்து, மெழுகின் மீதே வரைந்ததுபோல் படம் மட்டும் தெரியும். எங்கேனும் வெண்மை எஞ்சியிருந்தால் அங்கே மெழுகு இன்னும் ஊறவில்லை என்று பொருள்; கரண்டியை மீண்டும் சூடாக்கி அந்த இடத்தில் தேய்க்கலாம். கரண்டியைச் சுடரில் காட்டிச் சூடாக்கினால் கரி ஒட்டிப் படத்தைக் கெடுத்துவிடும்.

வண்ணம் தீட்ட விரும்புவோர், அக்ரிலிக் வண்ணத்தில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு கலந்தால் அது மெழுகில் திரளாமல் பரவும். ரிப்பன், லேஸ், சரிகை ஆகியவற்றைப் பெவிகால் கொண்டு மெழுகில் ஒட்டினால் உறுதியாகப் பிடிக்காது. ஒரு சுற்றுச் சுற்றி, முனையை ரிப்பனின் மீதே ஒட்டுவதுதான் சரி. மணிகளைக் குண்டூசியில் கோத்துச் செருகும்போது ஊசியைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் மெழுகு விரிசல் விடாது. கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் சிறு சோழிகளையும் சிப்பிகளையும் உருகிய மெழுகு ஒரு சொட்டு விட்டு அடிப்பகுதியில் பதிக்கலாம். தோவாளைப் பூச்சந்தையில் கிடைக்கும் பூக்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பச்சையாக ஒட்டக்கூடாது. இதழ்களைக் கனத்த புத்தகத்தினுள் வைத்து முழுதும் உலர்த்திய பின், உருகிய மெழுகைத் தூரிகையால் மேலே மெல்லப் பூசிப் பதிக்க வேண்டும்.

மெழுகை ஒருபோதும் நேராக அடுப்பில் உருக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வேறொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

எந்த முறையாயினும் திரியைச் சுற்றியுள்ள மேல் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டரை வெறுமையாகவே விடுங்கள். ஏற்றுமுன் திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கிவிட்டால் சுடர் உயராது. ரிப்பனும் லேஸும் சுற்றியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். தாளோ உலர்ந்த பூவோ சுடருக்கு அருகில் வந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். முடித்தவற்றை மெல்லிய துணியில் சுற்றி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோகும்போதும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், வளைந்துவிடும்.