விடுமுறை வாரத்தில் தீம் பார்க்: முதல் ரைடு எது?

கேட் திறக்க அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். உள்ளே போனதும், பெரிய ரைடைத் தேடாமல், ஒரு மணி நேரத்தில் குறைவான பேரை ஏற்றும் ரைடில் முதலில் ஏறிவிடுங்கள்.

காரணம் எளிய கணக்கு. மணிக்கு 1,500 பேரை ஏற்றும் படகு ரைடில் 300 பேர் வரிசையில் நின்றால் 12 நிமிடம்தான். மணிக்கு 400 பேரை மட்டும் ஏற்றும் ரைடில் அதே 300 பேருக்கு 45 நிமிடம்! கூட்டம் ஏற ஏற இந்த வித்தியாசம் நாள் முழுக்கப் பெருகும். படகு ரைடு மதியமும் காத்திருக்கும், சரிதானே?

பார்க் ஹோட்டலில் தங்குபவர்களை முன்கூட்டியே உள்ளே விடும் இடங்களில் இது பலிக்காது. குறைவான பேரை ஏற்றும் ரைடின் வரிசை அதற்குள் நிரம்பியிருக்கும். அங்கே அந்த ரைடை, பார்க் மூடுவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். அப்புறம், உங்கள் ரைடு தாமதமாகத் திறக்குமா, குழந்தைக்கு உயரம் போதுமா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.