மொசைக் பழக உடைந்த டைல்ஸ் போதும்

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுத் தரை மாற்றுகிறவர்கள் தூக்கிப் போடும் டைல்ஸ் துண்டுகளே மொசைக், அதாவது சின்னத் துண்டுகளை ஒட்டி அலங்காரம் செய்யும் கலை, பழகப் போதும். காசு கொடுத்து வாங்குவது அப்புறம் பார்க்கலாம். முதலில் பாதுகாப்புக் கண்ணாடி, சில்லு தெறிக்கும். டைல் வெட்டும் குறடால் நடுவில் கடிக்காதீர்கள், கண்டபடி நொறுங்கும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் மட்டும் கடித்து அழுத்தினால் விரிசல் உள்ளே ஓடித் துண்டு பிரியும்.

வாசல் பூச்சட்டியில் துண்டுகளை ஒட்ட வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் மழைக்கு இளகிவிடும். டைல்ஸ் ஒட்டும் சிமெண்டுதான் சரி. துண்டுகளுக்கிடையே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மறுநாள் கிரௌட் (இடைவெளியை அடைக்கும் சிமெண்டுக் கலவை) பூசுங்கள். சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடையுங்கள்; இடைவெளியின் வழியே இழுத்தால் பூசியது பெயர்ந்துவிடும். உடனே வெயிலில் வைக்காமல் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.