அம்மாவின் விரலை ஏற்காத பூட்டு: அர்டுயினோவில் கைரேகைச் சரிபார்ப்பு

அலமாரிக்கு ஒரு கைரேகைப் பூட்டு செய்தேன். எனக்கும் தம்பிக்கும் தொட்டவுடன் திறந்தது. அம்மாவுக்கு மட்டும் பத்தில் எட்டு முறை கையை விரித்தது. "என் அலமாரியை நானே திறக்க முடியாதாடா?" என்று கேட்டுவிட்டார். கோளாறு சென்சாரில் இல்லை, நான் விரலைப் பதிந்த விதத்தில்தான் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. அர்டுயினோ என்ற சின்ன நிரல் போர்டில் ஒரு எல்இடியையாவது மின்ன வைத்திருப்பீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

1. சென்சார். என் ஓட்டு ஆர்307 என்ற கைரேகை சென்சாருக்கு. ஏஎஸ்608-உம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது 3.3 வோல்ட் ஆசாமி, மறந்துபோய் 5 வோல்ட் கொடுத்தால் போச்சு. ஆர்307, அர்டுயினோ ஊனோ போர்டின் 5 வோல்ட்டிலேயே ஓடும்.

2. வயர். சென்சாரின் டிஎக்ஸ் (தரவை அனுப்பும் முனை) ஊனோவின் 2-ஆம் பின்னுக்கு, ஆர்எக்ஸ் (தரவை வாங்கும் முனை) 3-ஆம் பின்னுக்கு. வயரின் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பின்களின் வரிசையைப் பார்த்துச் செருகுங்கள்.

3. லைப்ரரி. சென்சாரை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான அடாஃப்ரூட் ஃபிங்கர்பிரிண்ட் லைப்ரரியை நிறுவி, எக்ஸாம்பிள்ஸில் 'என்ரோல்' என்பதை ஏற்றுங்கள். சென்சாரோடு பேசும் வேகம் 57600, சீரியல் மானிட்டரில் வைக்க வேண்டியது 9600. இரண்டையும் குழப்பினால் திரையில் கிறுக்கல்தான் வரும். சென்சாரே இல்லை என்று சொன்னால் முதலில் 2, 3 வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

4. விரலைப் பதிதல். நான் சறுக்கிய இடம் இது. சென்சார் விரலை இரண்டு முறை கேட்கும். ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்று குறித்து, இரண்டையும் சேர்த்து ஒரே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளும். பின்னால் ஒப்பிடுவது அந்தக் குறிப்புகளோடுதான்.

அம்மா பதியும்போது காலிங் பெல்லை அழுத்துவதுபோல விரல் நுனியால் தொட்டிருக்கிறார், இரண்டு முறையும். அலமாரியைத் திறக்கும்போதோ விரலின் சதைப்பகுதியைப் படுக்கவைத்து அழுத்தினார். டெம்ப்ளேட்டில் இருந்தது நுனி, வந்தது நடு. போதாக்குறைக்குப் பாத்திரம் தேய்த்த கையோடு வந்து பதிந்தார், விரல் ஊறிச் சுருங்கியிருந்தது.

இப்போது நான் செய்வது இப்படி. கையை நன்றாகத் துடைத்துவிட்டு, விரலின் சதைப்பகுதி முழுவதும் சென்சாரின் கண்ணாடியில் படியும்படி வைக்கச் சொல்வேன். இரண்டாவது முறை துளி சாய்த்து வைக்கலாம். அதிகம் சாய்த்தால் இரண்டும் பொருந்தவில்லை என்று பிழை வரும். விரல் வறண்டிருந்தால் நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைத்தால் போதும், அந்த எண்ணெய்ப்பசைக்கே ரேகை தெளிவாக விழும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: ஒரே ஆளுக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள். 5-ஆம் ஆள் என்றால் 9, 10. ஒன்றில் கட்டைவிரல், இன்னொன்றில் ஆள்காட்டி விரல். இடத்தின் எண்ணோடு 1 கூட்டி 2-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் ஆளின் எண் வந்துவிடும். எடுத்துக்காட்டு நிரல் 1 முதல் 127 வரைதான் எண் கேட்கும், ஆக 63 பேர். ஒரு வீட்டுக்கு எதேஷ்டம்.

5. சரிபார்த்தல். 'ஃபிங்கர்பிரிண்ட்' எடுத்துக்காட்டை ஏற்றி விரல் வைத்தால், எந்த இடத்தின் எண், எவ்வளவு பொருத்தம் என்று இரண்டு எண்கள் வரும். இது "இவர் யார்?" என்று எல்லாரிடமும் தேடுவது. "இவர் தான் சொல்லும் ஆள்தானா?" என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு கீபேட் வைத்து முதலில் ஆளின் எண்ணைக் கேளுங்கள். கிடைத்த இடத்தின் எண்ணை மேலே சொன்னபடி ஆளின் எண்ணாக்கி, அதுவும் கீபேடில் அழுத்தியதும் ஒன்றானால் மட்டும் திறக்கட்டும். பொருத்தம் 80-க்குக் கீழே இருந்தால் நான் திறக்க விடுவதில்லை. உங்கள் வீட்டு விரல்களுக்கு எவ்வளவு வருகிறது என்று சில நாள் குறித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாசல் கதவுக்கு இதை மட்டும் நம்பி வைக்காதீர்கள். 2002-லேயே ஜப்பானில் சுத்தோமு மட்சுமோட்டோ குழுவினர் ஜெலட்டினில் விரல் வார்த்துக் கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டிவிட்டார்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், கட்டைவிரலை எங்கே போய் மாற்றுவது?

பிற்சேர்க்கை: ஊனோவுக்குப் பதில் அர்டுயினோ மெகா போர்டை வைத்தால் சென்சார் கிடைக்கவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மெகாவில் இந்த நிரல் 2, 3-ஐப் பார்க்காது, சீரியல்1 என்ற தனி இணைப்பைத்தான் பார்க்கும். சென்சாரின் டிஎக்ஸை 19-லும் ஆர்எக்ஸை 18-லும் செருகுங்கள்.

இன்னொன்று: கையில் வெட்டுக்காயம் பட்டுக் கட்டு போட்டவர் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதற்குத்தான் இரண்டாவது விரல். இரண்டுமே போனால் கீபேடில் ஒரு ரகசிய எண். அம்மா இப்போதெல்லாம் அதைத்தான் அழுத்துகிறார்.