காரைக்குடியில் ஒரு தெருவின் வறுமையைக் கணக்கெடுக்கும் முறை

செட்டிநாட்டில் வறுமையை வாசலில் நின்று அளக்க முடியாது. தேக்குத் தூண்களும் பூட்டிய பெருங்கதவுகளும் உள்ள தெருவில், பின்கட்டில் காவலுக்குக் குடியிருக்கும் குடும்பமோ, வளவு வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து முறுக்குச் சுற்றிக் கடைக்குப் போடும் பெண்ணோ வழியில் போகிறவர் கண்ணில் படுவதில்லை. அரசின் அளவுகோலிலும் இவர்கள் பெரும்பாலும் சிக்குவதில்லை. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சேர்த்துப் பார்க்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் ஏழைகளின் பங்கு 2015-16இல் 4.76 விழுக்காடாக இருந்து 2019-21இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது. இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் அக்குறியீட்டின் 12 அளவுகளில் மின்சாரமும் வங்கிக் கணக்கும் உண்டு; வருமானமும் கடனும் இல்லை. வாரத் தவணை கட்டத் தோட்டை அடகு வைக்கும் வீடு அந்தக் கணக்கில் ஏழை வீடாகாது. ஆகவே தெருவைத் தெருவாரே ஆராய்வதற்கு இன்றும் தேவை இருக்கிறது.

இந்த முறை தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் சொந்தக் கிராமத்தையே கணக்கெடுக்கச் செய்தார். அவற்றுள் சில ஊர்களை 1936-37இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய முடிந்தது. முதலில் கணக்கெடுத்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது எழுத்தில் இருந்ததே அதற்குக் காரணம். நீங்களும் கேள்வித்தாளையும், ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் கொண்ட பொருளையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

கணக்கெடுக்கும் குழுவில் கல்லூரி மாணவர் இருவர், தெருவின் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர், கூலி வேலைக்குப் போகும் ஒருவர் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: கடனைப் பற்றிய கேள்வியைச் சுய உதவிக் குழுவின் தலைவி கேட்கக்கூடாது. தவணை வசூலிக்க வருகிறவரிடமே தவணைக்கு என்ன செய்தீர்கள் என்பதற்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது எதை எண்ணுவது என்பது; இங்கேதான் பெரும்பாலான கணக்கெடுப்புகள் தடம் மாறுகின்றன. கதவு எண்ணை நம்பாமல் அடுப்பை எண்ணுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே சமையலில் உண்பவர்களைத்தான் ஒரு குடும்பம் என்கிறது. நகரத்தார் வீடுகளில் மணமான மகனை ‘வேறு வைக்கும்’ வழக்கம் உள்ளதால், ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி அடுப்பு என்பது இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதே பார்வையை ஏழை வீட்டுக்கும் கொண்டு போனால் வேறொன்று தெரியவரும். மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைப்பார்கள். குடும்ப அட்டை ஒன்றாகவே இருக்கும். மாதம் ரூ.1000 வழங்கும் மகளிர் உரிமைத்தொகை அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே கிடைப்பதால், தகுதி இருந்தும் ஓர் அடுப்புக்கு அது வராமல் போகும். எனவே ஒவ்வொரு அடுப்புக்கும் தனித் தாள் வைத்து, எந்த அட்டையில் அதன் பெயர்கள் உள்ளன என்பதைக் குறியுங்கள். அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ வேண்டாம்.

‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டால் கிடைப்பது ஒரு முழு எண்; அது பெரும்பாலும் கேட்பவருக்காகச் சொல்லப்பட்டது. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலை இருந்தது, கூலி அன்றே கைக்கு வந்ததா, போன வாரம் யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள், அடகில் இருக்கும் நகை எப்போது வைத்தது, அதை மீட்டீர்களா அல்லது வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்தீர்களா என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில், வருமானத்தைப் பற்றிய பத்துக் கேள்விகளைவிட அதிகம் சொல்லும். பதிலைச் சொன்னவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள்; ‘சமாளிக்கிறோம்’ என்பதை ‘போதுமான வருமானம்’ என்று திருத்தி எழுதுவது ஆய்வாகாது.

காலமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லாததால் சமையல் உதவியாளர், பாத்திரம் தேய்ப்போர், பந்தல் போடுவோர் ஆகியோரின் வேலை படுத்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பலகாரம் செய்வோருக்குத் தூங்க நேரமிருக்காது. ஒரே தெருவை ஐப்பசியில் மட்டும் ஆராய்ந்தால் அது நன்றாக வாழும் தெருவாகத் தெரியும். ஆடியில் ஒரு முறையும் தை பிறந்த பின் ஒரு முறையும் அதே அடுப்புகளுக்குப் போவதே நியாயமான ஏற்பாடு.

சமூக நல்வாழ்வைப் பணத்தோடு சேர்த்துக் குழப்பாமல் தனிப் பகுதியாகக் கேளுங்கள். இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, யார் பிடிக்கிறார்கள்? தெருவில் கூட்டம் போட்டால் உங்களை அழைக்கிறார்களா? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பும் பட்டாலையும் உள்ள பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவர், முதல் கேள்விக்குப் பெயர் எதுவும் சொல்ல முடியாமல் போகலாம். அவரைப் பட்டியலில் ஏழையாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நல்வாழ்வுப் பகுதியில் அவர் இடம்பெறாவிட்டால் இவ்வூரின் ஒரு பெரிய குறை பதிவாகாது.

மாதிரி எடுக்கும் கணக்கில் நெடுநேரம் செலவிட வேண்டாம். சிறிய தெருவானால் எல்லா அடுப்புகளுக்கும் போய்விடலாம். பெரிய வார்டானால் அடுப்புப் பட்டியலில் ஐந்தில் ஒன்றை வரிசைப்படி எடுத்தால் போதும்.

தாளில் பெயர் இராவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. ‘மூன்றாம் சந்தில் கணவரை இழந்து, பலகாரம் போடும் பெண்’ என்றால் தெருவே அடையாளம் சொல்லும். ஐந்து அடுப்புகளுக்குக் குறைவான எந்தத் தொகுப்பையும் அறிக்கையில் தனியே காட்டாதீர்கள். வீட்டுப் படமும் எடுக்காதீர்கள்.

முடிவுகளை முதலில் அந்தத் தெருவில்தான் படிக்க வேண்டும், மாலையில், பெண்கள் வேலை முடித்து வந்த பிறகு. அங்கே எழும் மறுப்புகளையும் அறிக்கையில் சேருங்கள். பின்னர் வார்டு உறுப்பினர் நடத்தும் பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சியானதால் கோரிக்கைகளின் பட்டியல் நீளமாக இருக்கும். எனவே மூன்றுக்கு மேல் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடுப்புகள் என்ற எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.